உடைமையும் உருவமும்
(அன்றாடப் பொருள்களைப் பென்சிலாலும் வண்ணக்கோலாலும் வரைதல் பற்றிய ஒரு நோக்கு)

ஓவியத்தின் வகைகளைத் தரம் பிரித்தோர், அன்றாடப் பொருள்களை வரைதலை எக்காலத்தும் ஈற்றிலேயே வைத்தனர். பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சிய ஓவியக் கழகத்தார் வகுத்த வரிசையில் வரலாறும் சமயமும் சார்ந்த ஓவியங்கள் முதலிடம் பெற்றன. மனித உருவமும் இயற்கைக் காட்சியும் அவற்றின்பின் வந்தன. பாத்திரமும் பழமும் கடையிடத்தை எய்தின. பாடசாலையிலோ இவ்வரிசை தலைகீழாக அமைகின்றது. மாணவன் முதன்முதலில் வரையக் கற்பது போத்தலையும் செம்பையும் புத்தக அடுக்கையுமே. கடையானதென ஒதுக்கப்பட்ட ஒன்றே கல்விக்கு வாயிலாக அமைந்தமை, அதன் எளிமையால் விளைந்தது என்பர். அஃது உண்மையில் எளியதுதானா என்பதும், யாழ்ப்பாணத்து அண்மைக்கால வரலாறு அதற்கு எத்தகைய பொருளை அளித்துள்ளது என்பதும் ஆராயத்தக்கன.

சித்திரப் பாடத்திற் செம்பு ஒன்று மேசைமீது வைக்கப்படும்போது, அது யாருடைய செம்பு என்று எவரும் வினவுவதில்லை. அதன் வாய் நீள்வட்டமாகத் தோன்றுவதையும், வயிற்றின் வளைவு இருபுறமும் ஒத்திருப்பதையும், ஒளி ஒருபால் விழ மறுபால் நிழல் திரள்வதையும் மாணவன் கண்டு தாளிற் பதிக்கின்றான். இப்பயிற்சி வேண்டற்பாலது. வட்டமென்று மனம் அறிந்ததைக் கண் நீள்வட்டமாகவே காண்கின்றது. அறிந்ததை விடுத்துக் கண்டதை வரையப் பழகுதலே வரைதற் கல்வியின் முதற்படி. ஆயினும் முதற்படியையே மாடமெனக் கொள்ளுதல் தவறு. உடையவர் எவருமில்லாத அச்செம்பு வடிவம் மட்டுமே உடையது. அதே செம்பு, நாற்பது ஆண்டுகள் ஒரு மூதாட்டியின் கைபட்டு விளிம்பு தேய்ந்து, ஒருமுறை கிணற்றுக் கட்டில் விழுந்து நசுங்கி, புளியிட்டு விளக்கப்பட்டு மங்கிய ஒளியுடன் இருக்குமாயின், அது வடிவத்தினும் மிக்கதோர் பொருளாகின்றது. முன்னையது பாத்திரம், பின்னையது உடைமை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தாளிற் கொணர்தலே இவ்வகை வரைதலின் நோக்கமாகும்.

இவ்வேறுபாடு தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கதை முழுவதும் ஒரு காற்சிலம்பின் உடைமை பற்றிய வழக்கிலேயே தங்கியுள்ளது. கோவலன் கையிலிருந்த சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் ஒத்தன. ஒன்றன் பரல் மாணிக்கம். மற்றையதன் பரல் முத்து. புறத்தை மட்டும் கண்டவன் தீர்ப்புப் பிழைத்தது. உடைத்துக் காட்டியபின்னரே உண்மை புலனாயிற்று. ஒரு பொருளை உள்ளவாறு காணுதல் என்பது அதன் உடையவரை அறிந்து காணுதலே என்னும் கருத்தை இதனினும் வலிமையாகக் கூறுதல் அரிது. தொல்காப்பியர் தெய்வம், உணவு, பறை, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுத்து, அவற்றை உரிப்பொருளாகிய உணர்வோடு இணைத்ததும் ஈண்டு நினைத்தற்குரியது. அம்மரபிற் பொருள் என்பது காட்சிக்கு அணியாக வைக்கப்படுவதன்று. அங்கு வாழ்வாரின் உள்ளத்தை ஏந்தி நிற்பது.

மேனாட்டுத் திறனாய்விலும் இவ்வினா ஒரு புகழ்பெற்ற வழக்கை எழுப்பியது. வான் கோ 1886ஆம் ஆண்டிற் பாரிசில் ஒரு சோடி பழஞ் சப்பாத்துக்களை வரைந்தார். ஜெர்மானிய மெய்யியலாளராகிய ஹைடெக்கர், கலைப்படைப்பின் தோற்றுவாய் பற்றிய தம் கட்டுரையில், அவற்றை ஓர் உழவர் குலப் பெண்ணின் சப்பாத்துக்களாகக் கொண்டு, வயலின் ஈரமும் உழைப்பின் களைப்பும் அவற்றுட் பொதிந்துள்ளன என விளக்கினார். 1968இல் மேயர் ஷாப்பிரோ என்னும் கலை வரலாற்றாசிரியர் இதனை மறுத்து, அவை நகரத்தில் வாழ்ந்த வான் கோவின் சொந்தச் சப்பாத்துக்களே எனவும், மெய்யியலாளர் தம் எண்ணத்தைப் படத்தின்மேல் ஏற்றிவிட்டார் எனவும் வாதிட்டார். வழக்கின் முடிவு யாதாயினும், இருவரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: அச்சப்பாத்துக்களுக்கு ஓர் உடையவர் உண்டு, அவரை அறியாமல் ஓவியத்தை அறிந்ததாகாது. காண்போன் தன் கற்பனையால் உடையவரை மாற்றிவிடும் இடர் உண்டென்பதும் இவ்வழக்கிலிருந்து பெறப்படும்.

இனிக் கருவிகளை நோக்குதல் தகும். பென்சிலும் வண்ணக்கோலும் எளிய கருவிகள் எனினும், அவற்றின் இயல்பு வேறு வேறு. இன்றைய பென்சில் போரின் விளைவாகப் பிறந்தது. இங்கிலாந்திலிருந்து காரீயம் வருதல் போரினால் தடைப்பட, 1795இல் கொன்தே என்னும் பிரான்சியர் காரீயப் பொடியைக் களிமண்ணுடன் பிசைந்து சுடும் முறையைக் கண்டார். களிமண் மிகின் கோடு கடினமாகவும் மெலிதாகவும், காரீயம் மிகின் மென்மையாகவும் கருமையாகவும் அமையும். அக்காரீயத்தின் மிகத் தூய வகை இலங்கையிற் போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிற் கிடைப்பது மாணவர் அறியத்தக்கது. பென்சிற் கோடு அளவையும் எல்லையையும் கூறும். பாக்குவெட்டியின் இரு கைகளும் எவ்விடத்தில் இணைகின்றன, குடைக்கம்பி எவ்விடத்தில் முறிந்துள்ளது என்பனவற்றை அது ஐயமின்றி உரைக்கும். அழித்தாலும் முன்னைய கோட்டின் தடம் தாளில் எஞ்சுவதால், வரைந்தவன் எங்கே ஐயுற்றான் என்பதும் மறைவதில்லை. சாட்சி கூறுதற்கு ஏற்ற கருவி அது.

பாஸ்டல் எனப்படும் வண்ணக்கோல் நிறப்பொடியைச் சுண்ணத்துடனும் சிறிது பிசினுடனும் சேர்த்து உருட்டி உலர்த்தியது. எண்ணெய் வண்ணம் உலர்ந்து இறுகும். நீர்வண்ணம் தாளினுள் ஊறும். வண்ணக்கோலின் பொடியோ தாளின் மேற்பரப்பிலேயே தங்கி நிற்கும். விரல் பட்டால் அழியும். கண்ணாடியிட்டுக் காத்தல் வேண்டும். எல்லைகளைக் கரைத்து ஒன்றை மற்றொன்றிற் கலப்பித்தற்கு அதனினும் ஏற்றது வேறில்லை. பிரான்சிய ஓவியராகிய ஷார்தென் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சமையலறைப் பாத்திரங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவதிற் கழித்தவர். முதுமையிற் கண்ணொளி குன்றியதும் வண்ணக்கோலை மேற்கொண்டு, 1770களில் தம் உருவத்தையே வரைந்தார். அவ்வுருவங்களில் முகத்திற்கு ஒப்பான இடத்தை மூக்குக்கண்ணாடி பெற்றுள்ளது. குன்றிய பார்வைக்குத் துணையான அப்பொருள், அதே பார்வையால் வரையப்பட்டமை நோக்கத்தக்கது. பென்சில் சாட்சி எனின், வண்ணக்கோல் நினைவு எனலாம். பொருளின் வடிவை முன்னையது உரைக்க, அது மறையுந் தன்மையைப் பின்னையது உணர்த்தும்.

யாழ்ப்பாணத்தில் ஓவியக் கல்வி வளர்ந்த வரலாறும் இவ்விடத்திற் சுருக்கமாகக் கூறத்தக்கது. 1920 முதல் இலங்கைப் பாடசாலைகளின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய சி. எப். வின்சர், அச்சுப் படங்களைப் பார்த்து நகல் வரையும் பழக்கத்திலிருந்து மாணவரை விடுவிக்க முயன்றவர். வடபகுதியிற் சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை, அவர் பெயர் தாங்கிய வின்சர் ஓவியக் கழகத்தை 1938இல் யாழ்ப்பாணத்தில் நிறுவினார். பின்னர் அ. மாற்கு (1933–2000) ஆசிரியராகவும் ஓவியராகவும் விளங்கி, போர்க்காலத்தும் இளையோரைத் திரட்டி வரையக் கற்பித்தார். அவரைப் பாராட்டித் ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் தொகுப்பு நூல் 1987இல் வெளிவந்தது. அவரிடம் பயின்றோருள் ஒருவர் தா. சனாதனன். கொக்குவிலுக்கு அயலாகிய திருநெல்வேலியில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலை வரலாறு கற்பித்துவரும் அவருடைய இரு படைப்புக்கள், இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அவற்றின் பின்னணியை முதலில் அறிதல் வேண்டும். 1987 ஒக்டோபரில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்தோர் எறிகணை வீச்சில் உயிரிழந்தனர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். தம் வீட்டுப் பொருள்களை எடுத்துச் செல்ல அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகச் செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது கொக்குவிலும் வெறுமையாயிற்று. ஒரு துவிச்சக்கரவண்டியிலும் இரு கைகளிலும் கொள்ளத்தக்கவை மட்டுமே உடன் சென்றன. எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்னும் வினா ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் நகையும் சென்றன. சுளகும் அம்மியும் சுருட்டுச் சுற்றும் பலகையும் தந்தையின் கொட்டைப்பெட்டியும் நின்றன. மீண்டு வந்தோர் பலர் அவற்றைக் கண்டிலர்.

1981இல் எரியூட்டப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004ஆம் ஆண்டு ‘அகம் புறம்’ என்னும் கண்காட்சி நிகழ்ந்தது. சங்க மரபின் பாகுபாட்டையே பெயராகக் கொண்ட அக்காட்சியிற் சனாதனன், பல நூறு இல்லங்களிலிருந்து திரட்டிய பொருள்களை ‘வரலாறுகளின் வரலாறு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் வைத்தார். நூல்கள் எரிந்த இடத்தில், நூலிற் புகாத வரலாற்றைப் பொருள்களே கூறுமாறு அமைத்தமை அதன் சிறப்பு. அகத்திலிருந்த பொருள் பொதுவிடத்திற்கு வந்து புறமாயிற்று. எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு: எஞ்சிய பொருளை மட்டுமே அது காட்ட வல்லது. அழிந்த பொருளுக்கு அங்கு இடமில்லை. இழப்பின் பெரும்பகுதியோ அழிந்தவற்றிலேயே உள்ளது.

அவ்வெல்லையைக் கடக்கும் வழி வரைதலாக அமைந்தது. 2011இல் வெளிவந்த அவரது ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் நூல், அலுவலகக் கோப்பின் வடிவில் அமைந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் காணிகளைப் பதிந்த ஏடு. இந்நூலில் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்துள்ளனர். அத்தகைய படங்கள் எண்பது. ஒவ்வொன்றுடனும் கட்டடக் கலைஞரின் முறையான வரைபடமும், உடையவரின் கதையும், ஓவியர் உலர் வண்ணக்கோலால் வரைந்த ஓவியமும் இணைந்து வருகின்றன. ஒரே வீடு மும்முறை வரையப்படுகின்றது: நினைவுற்றவன் கையால், அளவறிந்தவன் கையால், ஓவியன் கையால்.

இம்மூன்றையும் ஒப்பிடுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. கட்டடக் கலைஞரின் படம் திருத்தமானது. ஆயின் வீட்டை இழந்தவர் யார் என்பதை அது கூறாது. எவருடைய வீடும் அக்கோட்டில் ஒன்றுபோலவே தோன்றும். அது சித்திரப் பாடத்துச் செம்பை ஒத்தது. பயிற்சியற்ற கையால் வரைந்த படமோ அளவிற் பிறழ்வது. நினைவிலிருந்து வரைவோர் கிணற்றை அறையினும் பெரிதாகவும், முற்றத்து மரத்தைக் கூரையினும் உயரமாகவும் வரைதல் இயல்பே. இதனைப் பிழையெனத் திருத்துதல் எளிது. திருத்தினால் எந்தப் பொருள் அவர் மனத்திற் பெரிதாக நின்றது என்னும் செய்தி அழிந்துபோம். மூன்றாவதாகிய வண்ணக்கோல் ஓவியம் முன்னைய இரண்டிலும் இல்லாத ஒன்றைச் செய்கின்றது. எல்லைக் கோடு கரைந்து, தொட்டால் அழியும் பொடியாகத் தாளின்மேல் நிற்கும் அது, இழந்த பொருள் நினைவில் நிற்கும் நிலையையே தன் ஊடகத்தால் ஒத்துள்ளது. எண்ணெய் வண்ணத்தால் இதனைச் செய்திருப்பின், இழந்தது உறுதியாக மீண்டுவிட்டதுபோன்ற பொய்த்தோற்றம் விளைந்திருக்கும்.

இந்நூலுக்கு எதிராக எழக்கூடிய தடை ஒன்று உண்டு. பிறர் இழந்ததை ஓவியன் வரைதல் அவருடைய துயரைத் தனதாக்கிக் கொள்வதாகாதா என வினவலாம். ஹைடெக்கர் சப்பாத்திற்கு வேறோர் உடையவரைக் கற்பித்த குறை இங்கும் நேரலாம். உடையவர் கையால் வரைந்த படம் முன்னே நிற்பதே இதற்கு விடை. ஓவியன் தன் கற்பனையை அதன்பின்னே வைத்தான். அதற்கு மாற்றாக வைக்கவில்லை. உடையவரின் கோடு உடன் இல்லாதிருப்பின், அவ்வண்ணக்கோல் ஓவியங்கள் அழகிய துயரங்களாக மட்டுமே நின்றிருக்கும். மூன்றும் சேர்ந்தவழியே நூல் வலிமை பெறுகின்றது. பிரித்துத் தனியே தொங்கவிடப்படும்போது ஓவியங்கள் ஒரு பகுதிப் பொருளை இழத்தல் தவிர்க்க இயலாதது.

இவ்வளவையைக் கொண்டு பொதுவாக வரையப்படும் ஓவியங்களை நோக்கின், பெருகிவரும் ஒரு குறை தெளிவாகும். பழம்பொருள்களை அழகிற்காக மட்டும் வரைதலே அது. மூக்குப்பேணி, வெற்றிலைத் தட்டம், குத்துவிளக்கு முதலியன பொன்னிற ஒளியில், தேய்வும் நசுக்கமும் இன்றி, நாட்காட்டிப் படம்போலத் தீட்டப்படுகின்றன. இவை பழமையைப் போற்றுவனபோற் காட்டிப் பழமையை மறைக்கின்றன. வாய் படாமல் அருந்துதற்கென அமைந்தது மூக்குப்பேணி. ஒரே ஊரில் ஒருவர்க்கு மூக்குப்பேணியும் மற்றொருவர்க்குச் சிரட்டையும் நீட்டப்பட்ட காலம் நெடியது. தேநீர்க்கடைகளிற் சமமாக அருந்தும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் போராட நேர்ந்தது. சிரட்டையை வரையாது மூக்குப்பேணியை மட்டும் வரைபவன் அரைச்சாட்சி கூறுகின்றான். பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய 1990களில், ஜாம் போத்தலினுட் சிறு திரியிட்டு எரித்த விளக்கின்கீழ்ப் படித்தோர் பலர். அவ்விளக்குக் குத்துவிளக்கின் அழகுடையதன்று. ஆயினும் வரையத்தக்க தகுதியில் அதற்குக் குறைந்ததுமன்று.

நிழற்படம் நொடியிற் கிடைக்கும் இக்காலத்தில் வரைதல் எதற்கு என்னும் வினாவும் எழுவதுண்டு. நிழற்படம் முன்னிற்கும் பொருளையே பற்றும். அழிந்த பொருளை எக்கருவியாலும் படம்பிடித்தல் இயலாது; கையால் வரைதல் இயலும். எஞ்சிய பொருளுக்கும் வரைதல் ஒன்றைத் தருகின்றது. ஒரு பாக்குவெட்டியை வரைய ஒரு மணி நேரம் அதனை உற்று நோக்க வேண்டும். உற்று நோக்குமிடத்து, எந்தப் பக்கம் கூடத் தேய்ந்துள்ளது, உடையவர் இடக்கையரா வலக்கையரா, தளர்ந்த ஆணிக்குப் பதிலாகக் கட்டிய கம்பி எப்போது வந்தது என்னும் வினாக்கள் தாமே எழும். வினா எழுந்தவழி உடையவரிடம் கேட்க நேரும். அவ்வாறு கேட்டு வரைந்த கோட்டில் அவர் மறுமொழியும் சேர்ந்துவிடுகின்றது.

ஆதலால் அன்றாடப் பொருளை வரைதல் ஓவியக் கல்வியின் தொடக்கமாக அமைவதுடன், அதன் முதிர்ந்த பயனாகவும் அமையத்தக்கது. மேசைமீது வைத்த செம்பு கண்ணைப் பழக்கும். பாட்டி உடன் கொண்டு நடந்த செம்பு மனத்தைப் பழக்கும். முன்னையதின்றிப் பின்னையது கைகூடாது. பின்னையதை எய்தாத முன்னையது வெறுங் கைத்திறனாகவே முடியும். 1995இல் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகி நடந்தவருள் இளையோரும் இன்று நடுவயது கடந்தனர். முதியோர் பலர் இல்லை. பூட்டிய கதவும் இல்லாதவிடத்து அத்திறப்பு எதனையும் திறப்பதில்லை. அத்தகைய திறப்பொன்று கையிலிருப்பின் அதனைப் பென்சிலால் வரையலாம். அது திறந்த வீட்டை உடையவர் சொல்லச் சொல்ல வண்ணக்கோலால் வரையலாம். சொல்வோர் உள்ள காலத்தே அதனைச் செய்தல் வேண்டும் என்பதே இக்கலை யாழ்ப்பாணத்தில் உணர்த்தி நிற்பது.